சக்கரவள்ளிக்கிழங்கை நாடு கடத்திய கதை

கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கிற நான், ஒரு திவசத்துக்குக் காய் வாங்கத் தெரியாமல் மயிலாப்பூர் மார்க்கெட்டில் மண்ணைக் கவ்வியிருக்கிறேன். எல்லாம் வயிற்றெரிச்சலால் வந்தது.

வயிற்றெரிச்சல் என் சகலை மேல், அதாவது மனைவியின் அக்கா கணவர் மேல். தி. நகரில் ஏதோ கம்பெனியில் கணக்கு பார்த்தார். மயிலாப்பூரில் எங்கள் மாமனார் தன் அப்பாவுக்குச் செய்யும் திவசத்துக்கு வருஷா வருஷம் அவர்தான் காய் வாங்கி வருவார். "பெரிய மாப்பிள்ளை கை பட்டா அவரைக்காய்கூட பிஞ்சா அமையறது" என்று மாமியார் உருகுவார். அவரைக்காய் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியும். யார் கேட்டார்கள்? அடையாறிலிருந்து பஸ் பிடித்து வந்து ஓரமாகக் காபி குடிப்பேன். அதிலும் அவர் டம்ளரில் நுரை அதிகம் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம், திவசத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே, "இந்தத் தடவை நான் வாங்கிண்டு வரேன்" என்று முந்திக்கொண்டேன். மாமியார் என் மனைவியைப் பார்த்தார். அவள் மின்விசிறியைப் பார்த்தாள். சகலை மட்டும், "பேஷா வாங்கிண்டு வாரும் ஓய்" என்றார். அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இங்கிலீஷ் காய் வேண்டாம், அவ்வளவுதான்" என்றார் மாமியார். எங்கள் வீட்டுத் திவசத்தை ஊரில் அண்ணன் பார்த்துக்கொள்கிறான். எனக்குச் சாப்பிட மட்டும் தெரியும். ஆனாலும் படித்தவனுக்கு ஒரு விதி போதாதா? வெளியிலிருந்து வந்ததைத் தள்ளு, இந்த மண்ணில் பிறந்ததை எடு. முதல் நாள் சாயங்காலம் மார்க்கெட்டில் கோஸ், காரட், உருளைக்கிழங்கு, மிளகாய் எல்லாவற்றையும் தள்ளினேன். அடுத்த கூடையில் சக்கரவள்ளிக்கிழங்கு. தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது. இதை வாங்கிக் கொடுத்தா சகலை இத்தனை வருஷம் நல்ல பெயர் எடுத்தார்?

"இன்னா சார், கெழங்க மொறச்சிக்கினு நிக்கற? வோணும்னா எடு, இல்லாங்காட்டி நவுரு" என்றாள் கடைக்காரி.

நகர்ந்தேன். கத்திரிக்காயும் முருங்கைக்காயும் அசல் இந்தியப் பிரஜைகள். பை வழிய வாங்கினேன்.

மாமியார் முன்னால் பையைக் கவிழ்த்தேன்.

"ஏன்னா, முருங்கைக்காயும் கத்திரிக்காயும் திவசத்துக்கு ஆகாதே" என்றாள் என் மனைவி.

"இங்கிலீஷ் காய்தானே கூடாது? இது ரெண்டும் நம்ம நாட்டுக் காய்."

"நாட்டுக் காய்தான். ஆனா ஆகாது. சக்கரவள்ளி எங்கே?"

"அது அமெரிக்காக் கிழங்கு."

"அமெரிக்காவோ ஆப்பிரிக்காவோ, நம்மாத்துத் திவசத்துக்கு அது உண்டு" என்றார் மாமியார்.

கப்பலில் வந்தது இலையில் உட்காரலாம், கொல்லையில் பிறந்தது உட்காரக்கூடாது. வகுப்பில் நான் போடும் குடும்பப் படத்தில் இதை எங்கே வரைவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. சகலை.

"எதுக்கும் இருக்கட்டும்னு பாண்டி பஜார்ல கொஞ்சம் வாங்கினேன்" என்று தன் பையை வைத்தார். வாழைக்காய், பாகற்காய், சக்கரவள்ளிக்கிழங்கு, அவரைக்காய். நான் சொதப்புவேன் என்று மனிதர் முன்கூட்டியே நம்பியிருக்கிறார். போகட்டும், அவரைக்காயாவது முற்றலாக இருக்கக்கூடாதா? ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்தேன். அத்தனையும் பிஞ்சு.

மறுநாள் சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது, சகலை காதில் விழட்டும் என்று சற்று உரக்கவே சொன்னேன். "அடுத்த வருஷம் நானே போய் சரியா வாங்கிண்டு வந்துடறேன், மாமி."

"உங்களுக்கு எதுக்கு மாப்பிள்ளை சிரமம்" என்றார் மாமியார்.