புதுத் திரையும் அம்மாவின் பற்றரி வரிசையும்

என் தங்கச்சிக்குக் கண்ணின் ஓரங்கள் இருண்டுகொண்டு வருகின்றன. நடுவில் மட்டும் கொஞ்சம் பார்வை மிச்சம் இருக்கிறது, அதுவும் நல்ல வெளிச்சம் இருந்தால்தான். அந்த நடு எத்தனை காலம் நிற்கும் என்று கேட்டதற்கு டொக்டர் கையை விரித்துவிட்டார். எங்கள் தேவாலயத்தில் ஓர்கன் வாசிக்கிறவள் அவள். பாட்டுப் புத்தகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு இப்போது மனப்பாடமாக வாசிக்கிறாள். ஒருநாளும் முறைப்பட்டதில்லை. அப்படிப்பட்டவள் ஒருநாள் சோறு பிசைந்துகொண்டே கேட்டாள்.

"அக்கா, மாமா அனுப்பின அந்தக் கேம் இன்னும் கிடக்கோ? ஒருக்கா விளையாடிப் பாக்கவேணும் போல இருக்கு."

கிடந்தது. போர்நிறுத்தக் காலத்தில் குடாநாட்டுக்குப் பாதை திறந்தபோது லண்டன் மாமா அனுப்பிய, இரண்டு கைக்குள் அடங்கும் விளையாட்டுக் கருவி. மேலிருந்து கட்டைகள் விழும், இடைவெளி விடாமல் அடுக்கவேண்டும். அப்போதே கலியாண வயது வந்த நாங்கள் இருவரும் அதற்காகப் பிடுங்குப்பட்டிருக்கிறோம். ஆனால் அதன் திரைக்கு உள்ளிருந்து வெளிச்சம் கிடையாது. நல்ல கண் உள்ளவர்களே வெயிலுக்குச் சரித்துப் பிடித்துத்தான் பார்க்கவேண்டும். அவள் வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பினாள். "சாம்பலாத்தான் தெரியுது" என்று சொல்லித் திருப்பித் தந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். கோபம் வந்தால் எதையாவது கழற்றினால்தான் ஆறும். இணையத்தில் தேடினால், இந்தப் பழைய கருவிக்கு ஒளிரும் புதுத் திரை மாற்றுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவளுடைய நடுப் பார்வை இருக்கும்போதே இதைச் செய்து முடிக்கவேண்டும் என்று திரையை வரவழைத்தேன்.

ஆணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கி, உள்ளே இருந்ததை விளக்கடிக்குக் கொண்டுபோனேன். இருபது வருடத்துக்கு மேலாக எங்கள் ஊர் புத்தூரின் செம்மண் தூசியிலும் மாரிகாலத்து ஈரத்திலும் கிடந்த சாமான். உள்ளே ஒரு கோடு அழியவில்லை, ஒரு ஈயப் பொட்டு உதிரவில்லை. பச்சை மின்சுற்றுத் தட்டில் அத்தனை நுணுக்கமும் அளவெடுத்து வைத்தபடி இருந்தது. மூடிப்போடப்போகிற இடத்தில் எதற்கு இவ்வளவு அழகு? எங்கோ ஒரு தேசத்தில் யாரோ ஒருவர், ஒருத்தரும் பார்க்கமாட்டார்கள் என்று தெரிந்தும், இதைத் திருத்தமாகச் செய்து அனுப்பியிருக்கிறார். கொஞ்ச நேரம் கையை வைக்கவே மனம் வரவில்லை.

பழைய திரையை எடுத்துவிட்டுப் புதியதன் நாடா வயரைச் செருகினேன். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வயர் ஒன்றை மட்டும் ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். இரண்டு புதுப் பற்றரி போட்டுச் சுவிட்சைத் தள்ளியதும் என் கையெல்லாம் நிறம் விழுந்தது. என்னை அறியாமல் கதிரையை விட்டு எழுந்துவிட்டேன். தங்கச்சி பாடகர் குழுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். நாளைக்குப் பின்னேரம் ஆறுதலாகக் கொடுப்போம் என்று வைத்தேன்.

மறுநாள் அவள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சுவிட்சைத் தள்ளினேன். திரை மங்கலாக வந்தது. அவளுக்குத் தெரியட்டும் என்று வெளிச்சத்தைக் கூட்டியதும் பொக்கென்று அணைந்தது. திரும்பப் போட்டேன், திரும்ப அணைந்தது.

"பரவாயில்லை அக்கா, பழுதெண்டால் விடுங்கோ" என்றாள்.

விடுகிற ஆள் நானில்லை. நாடாவைக் கழற்றிச் செருகினேன். சுவிட்சின் உள்ளே கறல் பிடித்திருக்கும் என்று ஸ்பிரிட் விட்டுக் கழுவினேன். புதுப் பற்றரி போட்டதும் சூரியன் மாதிரி எரிந்தது. அடுத்தநாள் பள்ளிக்கூடத்தால் வந்து போட்டால் பழைய குருடி கதவைத் திறடி என்ற கதைதான். வயரை எடுத்துத் திரும்பப் பற்றவைத்து, பற்றரியும் புதுசாகப் போட்டேன். காலையில் எரிந்தது, பின்னேரம் அணைந்தது. ஒவ்வொரு பின்னேரமும் அவள் கையைக் கழுவிக்கொண்டு வருவதும் எழும்பிப் போவதும் என்னைத் தின்றது.

காலையில் நல்லது, பின்னேரம் கெட்டது. அப்படியென்றால் நடுப்பகல் வெக்கைதான் காரணம், சூட்டில் எங்கோ ஒரு பொருத்து விரிந்து விலகுகிறது என்று முடிவு கட்டினேன். வகுப்பில் உலோகம் விரிவதைப் படிப்பிக்கிறவளுக்கு வேறு என்ன தோன்றும்? "பகல் முழுக்கக் காத்தாடிக்குக் கீழை வையுங்கோ" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனேன். அம்மாவும் சொன்னபடியே வைத்தார். பின்னேரம் அது குளுகுளுவென்று இருந்தது, எரியத்தான் இல்லை. மல்ரிமீற்றரை வைத்து எல்லாவற்றையும் அளந்தேன், பற்றரியைத் தவிர. என் கையால் காலையில் போட்ட புதுப் பற்றரியை யார் அளப்பார்கள்?

பௌர்ணமிப் போயா விடுமுறையன்று வீட்டில் இருந்தேன். பத்துமணிபோல முன்னறையில் டிக் என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் அம்மா கேமின் பின்மூடியைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்.

"என்னம்மா செய்யிறியள்?"

"உதுக்குள்ளை புதுப் பற்றரியெல்லே போட்டு வைச்சிருக்கிறாய்" என்றார், என்னைத் திருத்துகிற குரலில். "புதுசு இருட்டிலை அடிக்கிற ரோச்சுக்கெண்டு எடுத்து வைக்கிறது. அதிலை கழிஞ்சது ரேடியோவுக்கு. ரேடியோவிலை கழிஞ்சது மணிக்கூட்டுக்கு. மணிக்கூட்டாலை கழட்டினது விளையாட்டுச் சாமானுக்குக் காணும்."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சண்டைக் காலத்தில், குடாநாட்டுக்குள் பற்றரி கொண்டுவரத் தடை இருந்த நாட்களில் எங்கள் வீட்டில் நடந்த ஒழுங்கு இது. ஒரு பற்றரி எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டும் என்று வரிசை இருந்தது. செத்துப்போனதை வெயிலில் காயவைத்து ரேடியோவில் இன்னும் ஒரு செய்தி கேட்போம். தடை போய் எத்தனையோ காலம். இன்று சந்திக் கடையில் பற்றரி கொத்தாகத் தொங்குகிறது. அம்மாவின் கை மட்டும் அந்த வரிசையை விடவில்லை. எல்லாப் பற்றரியும் ஒரே மார்க் என்பதால் எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பழைய திரை என்றால் அந்த மிச்சசொச்சத்தில் ஓடியிருக்கும், புதியதற்குப் பசி கூட.

"அம்மா, எத்தினை நாளா நான் இதோடை மாரடிக்கிறன்? கேட்டிருக்கலாமே?"

"ரோச் அவளுக்கு ராவிலை கண்ணெல்லே பிள்ளை" என்றார் அம்மா. "உது விளையாட்டு."

அவர் கையிலிருந்த மணிக்கூட்டுப் பற்றரிகளை வாங்கி அளந்து பார்த்தேன். மூன்று வேலை பார்த்து ஓய்ந்தவை. அவைதான் அத்தனை பின்னேரமும் அந்தத் திரையை ஒரு கணமாவது எழுப்பியிருக்கின்றன. அதை நினைக்க எனக்கு மலைப்பாக இருந்தது.

புதுசைத் திருப்பிப் போட்டு, வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி, விறாந்தையில் இருந்த தங்கச்சியிடம் கொடுத்தேன். முதலில் முகத்துக்குக் கிட்டப் பிடித்தாள். பிறகு மெல்ல மெல்லக் கையை நீட்டிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் கை நின்றது. கட்டைகள் விழுந்து குவிந்துகொண்டிருந்தன, அவள் ஒன்றையும் அழுத்தவில்லை.

"அக்கா, முழுசும் தெரியுது" என்றாள். "நாலு மூலையும்."

சோற்றுக் கோப்பையில் பாதியைக் காணாமல் தேடுகிறவள் அவள். யன்னலைப் பார்த்தால் ஒரு கம்பி தெரியும், ஆளைப் பார்த்தால் ஒரு மூக்கு தெரியும். நாங்களோ அவளுக்கென்று பெரிய ரீவி வாங்கினோம், பெரிய எழுத்துப் புத்தகம் தேடினோம். அவளிடம் மிச்சமிருந்த பார்வை நீட்டிய கையின் நுனியில் அந்தச் சின்னத் திரையின் அளவாக இருந்தது. அதற்குள் ஒரு உலகம் வெட்டுப்படாமல் அப்படியே பொருந்தியது.

அவள் கேமை மடியில் வைத்தாள்.

"அம்மா, ஒருக்கா கேற்றடிக்குப் போய் நில்லுங்கோ."

"ஏன் பிள்ளை?" அவள் விழுந்துவிடுவாள் என்று பயந்து எந்நேரமும் பக்கத்திலேயே நிற்கிற அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது.

"போங்கோவன்."

அம்மா இறங்கி நடந்தார். பாதியில் நின்று திரும்பினார். "இன்னும்" என்றாள் இவள். அம்மா முற்றத்துக் கோடியில் கேற்றடிக்குப் போய், கையை என்ன செய்வதென்று தெரியாமல் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். தங்கச்சி தலையை அசைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தள்ளி நிண்டால் முழுசாத் தெரியுமெண்டு ஏன் நீ முந்திச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீங்கள் எல்லாரும் கிட்டக் கிட்ட வந்தெல்லே நிக்கிறியள்" என்றாள்.

கேற்றடியிலிருந்து அம்மா கூப்பிட்டார். "இனி வரட்டோ?"

"பொறுங்கோ அம்மா" என்றாள் தங்கச்சி. "இன்னும் பாத்து முடியேல்லை."