தட்டை நீட்டியது யார்?

மதுக்கரைப் பக்கம் ஒரு குடியிருப்பில் அங்கன்வாடிச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐ.டி. கம்பெனி ஊழியர்களை எங்கள் தொண்டு நிறுவனம் வேனில் அழைத்துப் போயிருந்தது. நான் போகவில்லை. நிறுவனத்தின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. களத்திலிருந்து படங்கள் வரும். கோயமுத்தூர் அலுவலகத்தில் உட்கார்ந்தபடி நான் வாசகம் எழுதுவேன்.

அன்று வந்ததில் ஒரு படம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஆவி பறக்கும் அரிசிபருப்புச் சோறு, அண்டாவுக்கு முன்னால் ஒரு பாக்குமட்டைத் தட்டு. தட்டின் ஒரு பக்கம் கம்பெனி டீ-ஷர்ட் போட்ட இளைஞனின் கை, மறுபக்கம் ஐம்பது வயது அம்மா ஒருவரின் கை. இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். 'பசித்தவர்களுக்கு உணவளித்த நம் தன்னார்வலர்கள்' என்று எழுதி, கும்பிடும் கை ஒன்றையும் சேர்த்துப் போட்டுவிட்டேன். எத்தனையோ தடவை எழுதிய வாசகம், விரல் தானாகவே ஓடியது.

மறுநாள் காலையில் அந்த அம்மாவே போனில் கூப்பிட்டார். கல்யாண மண்டபங்களில் சமைப்பவர். முன்பு சுவர் வேலையைப் பற்றிப் பேச நான் அங்கே போயிருந்தபோது என் நம்பரை வாங்கிவைத்திருந்தார்.

"ஏனுங்க அம்மணி, அந்தச் சோறு ஆக்குனது நானுங்க."

படத்தை மறுபடி திறந்து பார்த்தேன்.

"வேலைக்கு வந்தவங்களை வெறும் வயித்தோட அனுப்பக்கூடாதுன்னு நாங்க பொம்பளைங்க எல்லாம் சேர்ந்து ஆக்குனோமுங்க. அந்தத் தம்பிக்குத் தட்டை நீட்டுனதே நாந்தானுங்க. எம்புள்ளைய காலேஜுல, 'உங்கம்மாவுக்குச் சோறு போட்டாங்களாமே'ன்னு கேட்டிருக்காங்க. அழுதுட்டே ஊடு வந்துச்சுங்க."

மன்னிப்புக் கேட்டேன். அவர் விடவில்லை.

"எங்க ஊட்டுல ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்காத ஊருங்க இது. அன்னைக்குத்தான் அத்தனை பேரும் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்புட்டாங்க. அதையப் போயி தலைகீழா எழுதிப்போட்டீங்களே!"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. அங்கே போயிருந்த யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவே இல்லை. அந்த இடத்தில் ஒரு தட்டு இருந்தால் அதை நம் ஆட்கள்தான் நீட்டியிருப்பார்கள் என்று என் மண்டையில் ஊறிக் கிடந்திருக்கிறது.

உடனே வாசகத்தை மாற்றினேன். சமைத்தது யார், சாப்பிட்டது யார் என்று தெளிவாக எழுதினேன். அரை மணி நேரத்தில் இயக்குநர் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"கம்பெனியோட பெரிய ஆளே அதை ஷேர் பண்ணியிருக்காருங்க. இப்பப் போயி மாத்துனா நம்ம மூஞ்சிய எங்க வெச்சுக்கறது? ரெண்டு நாள்ல எல்லாரும் மறந்துருவாங்க."

"அந்தம்மாவோட பொண்ணு மறக்காதுங்க சார்" என்றேன்.

பழைய வாசகத்தையே திரும்பப் போட்டார். பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டார். மக்களோடு மக்களாக நிற்கிறோம் என்று மேடைக்கு மேடை பேசுகிறவர்தான். நிற்கிறோம், கேமராவுக்கு எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி.

அடுத்த ஞாயிறு நான் தனியாகப் பஸ் ஏறினேன். சாப்பிடாமல் வருகிறேன் என்று அந்த அம்மாவிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன். மறுபடியும் அரிசிபருப்புச் சோறுதான், நெய் மணக்க. அவர் தட்டை நீட்டும்போது படம் எடுக்கச் சொல்லி அவருடைய மகளிடம் என் போனைக் கொடுத்தேன்.

"மறுபடியும் போட்டோவா?" என்று முறைத்தாள்.

"நீயே எடு கண்ணு. கீழ என்ன எழுதறேன்னும் பாரு. உனக்குப் பிடிக்காட்டி வேண்டாம்."

'பசியோடு போனவள் நான். சோறு போட்டவர் இவர். போன வாரமும் இவர்தான் போட்டார்.' இரண்டு தடவை படித்தாள். என் சொந்தப் பக்கத்தில் நான் போட்டதும், தன் போனில் அதைப் பகிர்ந்து, மேலே 'எங்கம்மா' என்று எழுதினாள்.

நான் ஊர் திரும்புவதற்குள் இயக்குநரிடமிருந்து, அதை எடுத்துவிடச் சொல்லிச் செய்தி. எடுக்க முடியாது என்று பதில் அனுப்பினேன். வேலை போனால் போகட்டும். அதன் பிறகு எங்கள் வீட்டிலிருந்து போன். அம்மாவின் குரல் தணிந்திருந்தது, பக்கத்தில் சொந்தக்காரர்கள் இருந்திருப்பார்கள்.

"ஏன் கண்ணு, அங்கெல்லாம் போயி கை நனைச்சயா?"

"ஆமாம்மா" என்றேன், பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி. "ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்புட்டேன்."