கண்ணம்மாளின் ஜெபம்

என் தங்கை கண்ணம்மாள் நாகல் நகரில் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் ஒருமுறை காதில் விழுந்ததை மறக்க மாட்டாள். எங்கள் வீட்டுத் தெலுங்கை அத்தை பேச்சாயியிடமிருந்து முழுதாக வாங்கிக்கொண்டவள் அவள் ஒருத்திதான். எனக்குக் கேட்டால் பாதி புரியும். கோவையாகப் பேச வராது.

அந்தத் தெலுங்குக்கு எங்களிடம் மிஞ்சியிருந்த வேலை ஒன்றே. கல்யாணத்தை உறுதி செய்யும் முன், சேவுகம்பட்டியில் உள்ள எங்கள் குலதெய்வத்தின் தலையில் பூ வைத்து, வீட்டில் பிறந்த பெண் ஒருத்தி தெலுங்கில் உத்தரவு கேட்க வேண்டும். பூ வலப்பக்கம் விழுந்தால் அம்மன் சம்மதம். அத்தைதான் கேட்டுவந்தார். போன தை மாதம் அவரும் தவறிப்போனார்.

கண்ணம்மாளோ கிறிஸ்தவளாகிப் பல வருடங்கள் ஆகின்றன. பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது சபைப் பெண்கள் கூடவே இருந்தார்கள். பிழைப்புக்காகப் போனவள் அல்ல, நம்பிப் போனவள்.

இந்த ஆவணியில் என் மகன் மோகன்குமாருக்குப் பெண் அமைந்தது. உத்தரவு கிடைக்காமல் தாலி கட்ட என் மனைவி சம்மதிக்கவில்லை. கடை ஓய்ந்த நேரத்தில் தங்கையிடம் போனேன். நீ கோயிலுக்கு வரவேண்டாம், வார்த்தைகளை மட்டும் என் போனில் பேசிப் பதிந்து கொடு என்றேன்.

"இம்புட்டு வருசம் இந்த ஊர்ல இருந்தும் ஒஞ் சாமிக்குத் தமிழு வரலையாக்கும்" என்று சட்டியைத் தேய்த்தாள். பிறகு கையை நிறுத்தினாள். "நம்பாத வாயால கூப்பிட்டா அது பொய்தானண்ணே. ஒஞ் சாமியவும் ஏமாத்தி, எஞ் சாமியவும் ஏமாத்தச் சொல்றியா?"

"அப்ப அந்தப் பேச்சு அத்தையோட போச்சுன்னு விட்டுரவா?"

"யாரு சொன்னா? கூட்டத்துலதான் தமிழு. தனியா நான் ஜெபம் பண்றது நம்ம தெலுங்குலதான். ஏசப்பாவுக்குப் புரியுது."

அவள் சொன்னதிலும் பிசகு இல்லை, என் மனைவி கேட்டதிலும் பிசகு இல்லை.

வெள்ளிக்கிழமை என் மகள் கௌசல்யா தமிழிலேயே கேட்டுப் பார்த்தாள். பூ எந்தப் பக்கமும் விழவில்லை. வெயில் ஏறும்வரை நின்றோம். என் மனைவி பூசாரியைப் பார்த்தாள். பூசாரி என்னைப் பார்த்தார்.

திரும்பும்போது நான் மட்டும் நாகல் நகரில் இறங்கினேன். நடந்ததைக் கேட்ட கண்ணம்மாள் உள்ளே போய் முழங்காலிட்டாள். மோகன்குமார் பெயர் காதில் விழுந்தது, பெண்ணின் பெயரும் விழுந்தது. தங்குதடை இல்லாத தெலுங்கு. அத்தைக்கே அப்படி வந்ததில்லை. என் மனைவியிடம் அதைச் சொன்னால் எடுபடாது. பெண் வீட்டாருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.