டீச்சரம்மா வீட்டு ஓடும் ஒரு சொட்டு மழையும்

ஓட்டுக்கூரை பழுது பார்க்கிறவனை மழை பெய்யும்போதுதான் ஊர் நினைக்கும். வெயில் வந்துவிட்டால் எங்கள் முகம் மறந்து, நம்பர் மறந்து, ஒழுகிய இடம்கூட மறந்துவிடும். சோற்றுப் பானையைக் காலி பண்ணிக் கூடத்து நடுவில் வைத்தவர்கள், தூங்குகிற பிள்ளையைக் கட்டிலோடு சேர்த்து நகர்த்தியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நீங்கள் எல்லாரும் எனக்குச் சொந்தம். நீங்கள் கீழே நனைந்தீர்கள், நான் மேலே நனைந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

போன மழைக்காலத்துக்கு முன்னால், சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற மூவாரில், ஒரு பழைய வீட்டில் செய்த வேலையைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். என் மனைவி இதைப் படித்தால் பாதியைத்தான் நம்புவாள். எந்தப் பாதி என்று அவளே முடிவு செய்துகொள்ளட்டும்.

சட்டி பானைக் கச்சேரி

கூப்பிட்டது ஒரு டீச்சரம்மா. சிலோன்காரக் குடும்பம், எண்பது வயதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார். நானும் என் கூட்டாளி ஆ ஹோக்கும் போய்ச் சேர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஹோக் சீனன்தான், ஆனால் எஸ்டேட் மளிகைக் கடையில் பிறந்து வளர்ந்தவன். என்னைவிட நன்றாகத் தமிழில் திட்டுவான். கூடத்தில் நுழைந்தால் வாளி, குண்டான், அண்டா, ஆர்லிக்ஸ் பாட்டில் மூடி வரைக்கும் பரப்பி வைத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சுருதியில் சொட்டுகிறது. ஹோக் கண்ணை மூடித் தலையை ஆட்டி ரசித்தான். நான் அவன் காலை மிதித்தேன்.

விஷயம் விளையாட்டு இல்லை. டீச்சரம்மாவுக்கு ஒரே மகன், சிவா, சிங்கப்பூரில் வேலை. போன தடவை வந்தபோது கூடத்துத் தண்ணீரில் அம்மா வழுக்கி விழப் பார்த்ததை நேரில் பார்த்திருக்கிறான். அன்றைக்கே சொல்லிவிட்டான்: இந்த மழைக்காலத்தில் உள்ளே ஒரு சொட்டு விழுந்தாலும் வீட்டை விற்றுவிட்டு அம்மாவைத் தன் ஃபிளாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். பிள்ளை பயப்படுவதும் நியாயம்தானே? "போனால் என்னம்மா, மகன் வீடுதானே?" என்று கேட்டேன். டீச்சரம்மா முகட்டைப் பார்த்தார். "தம்பி, அங்க என்ர தலைக்கு மேல ஓடு இல்லை, இன்னொருத்தன்ர கால்தான் நடக்குது."

பக்கத்து வீட்டு ஆகாயம்

டீச்சரம்மா வீடு இரட்டை வீடு. ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் ஹாலிம் என்ற மலாய்க்காரர்; பாக்சிக், அதாவது மாமா, என்று கூப்பிடுவோம். வாசலில் நின்று பார்த்தால் டீச்சரம்மா வீடு இடது பக்கம். மறுநாள் வெயிலில் நாங்கள் ஏணி வைத்ததோ பின்பக்கச் சந்தில். அங்கிருந்து ஏறினால் இடது வலதாகிவிடும் என்பது கீழே நிற்கிற எல்லாருக்கும் தெரியும். மேலே போனவனுக்குத்தான் தெரியாது. முகட்டு ஓடு வரைக்கும் ஒரே சிவப்பு, கோடு கீடு ஒன்றும் இல்லை. நாங்கள் இடது பக்கத்தில் உட்கார்ந்து சுறுசுறுப்பாக ஓட்டைக் கழற்றி அடுக்கிக்கொண்டே போனோம். "என்ன அண்ணே, ஒழுகுற வீட்டுக்குச் சட்டமெல்லாம் இவ்வளவு காய்ஞ்சு கிடக்கு?" என்று ஹோக் கேட்டான். "நல்ல மரம்டா" என்றேன் நான்.

ஓட்டை வழியாகக் கீழே எட்டிப் பார்த்தால், பாக்சிக் ஹாலிம் சாரோங்கோடு நின்று அண்ணாந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் ஒரு கூண்டு, அதற்குள் ஒரு மெர்போக் புறா. அலமாக்! விழுந்தடித்துக்கொண்டு இறங்கி, கையெடுத்துக் கும்பிட்டு, இப்போதே மூடித் தருகிறோம் என்றேன். அவர் உதட்டில் விரலை வைத்து எங்களை அடக்கினார். கூண்டுக்குள் வெயில் விழுந்திருந்தது. புறா கழுத்தை உப்பிக்கொண்டு கூவிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் அப்புறம் ஒரு கண்ணாடி ஓடு வைத்துக் கொடுத்தோம். ஏனென்றால் அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "மூடாதீங்க தம்பி. என் சம்சாரம் போனதுக்கு அப்புறம் இவன் இன்னைக்குத்தான் வாயைத் திறக்கிறான்."

மூச்சு விடும் கயிறு

பழைய ஓட்டில் ஒரு தொல்லை உண்டு. ஒன்று உடைந்தால் அதே அச்சில் இன்னொன்று கடையில் கிடைக்காது. கொக்கி பொருந்தாத ஓட்டை வைத்தால் பக்கத்து ஓடும் சேர்ந்து தூக்கிக்கொள்ளும். ஊர் ஊராக விசாரித்ததில், கோத்தா திங்கிப் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் பழைய பங்களாவை இடிக்கிறார்கள் என்று தகவல் வந்தது. ஓடினோம். இடிக்கிற வேலையை எடுத்திருந்த தவுக்கே, அதாவது முதலாளி, எங்கள் ஓட்டை வாங்கிப் பார்த்தார், அங்கே கிடந்ததோடு சேர்த்துப் பார்த்தார். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒட்டிக்கொண்டன. "கிழவிக்கா? எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லி, ஏற்றுவதற்குத் தன் ஆட்களையும் விட்டார். அந்த மனிதர் எங்கே இருந்தாலும் அவர் வீட்டுக் கூரை ஒழுகக் கூடாது.

மூவாருக்கு வந்து லாரியைச் சந்தில் நிறுத்தி, ஏணியைச் சாய்த்தோம். ஏணித் தலையைக் கட்டுவதற்கு ஹோக் திரும்பிப் பார்க்காமலே லாரிக்குள் கையை விட்டு, ஓட்டுக்கு நடுவில் சுருண்டு கிடந்த கயிற்றை இழுத்தான். கனமாக இருந்ததாம், மழையில் நனைந்திருக்கிறது என்று நினைத்துத் தோளில் போட்டுக்கொண்டு ரெண்டு படி ஏறியும் விட்டான். மலைப்பாம்பு. கோத்தா திங்கியிலிருந்து தூங்கிக்கொண்டே வந்திருக்கிறது. இதை மனைவியிடம் சொன்னபோது பாம்பு என் கை நீளம் இருந்தது, காப்பிக் கடையில் சொன்னபோது லாரி நீளம். உங்களுக்காக நடுவில் வைத்துக்கொள்கிறேன். அது இறங்கி, எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சாக்கடையில் போனது சத்தியம். ஹோக் அதற்கு முன்னால், ஏணியில் நின்றபடியே, குரலை உயர்த்தாமல் சொன்னதும் சத்தியம்: "அண்ணே, இந்தக் கயிறு மூச்சு விடுது."

சொதியின் பாரம்

டீச்சரம்மா மத்தியானம் எங்களை வெளியே சாப்பிட விடவில்லை. இடியப்பம், சொதி, மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல். "வடிவா சாப்பிடுங்கோ" என்று சொல்லிச் சொல்லியே தட்டை நிரப்புவார். மிஷன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மிரட்டிய அதே குரல் என்று நினைக்கிறேன். வேண்டாம் என்று சொல்ல எங்கள் ரெண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை.

ஓட்டுமேல் நடக்க ஒரு முறை இருக்கிறது. அடியில் குறுக்குச் சட்டம் ஓடுகிற இடம் பார்த்துத்தான் காலை வைக்க வேண்டும். நடு ஓட்டில் வைத்தால் அப்பளம்தான். காலையில் பூனை மாதிரி நடந்த ஹோக் மத்தியானத்துக்கு மேல் எருமை மாதிரி நடந்தான். நானும் அப்படித்தான். கடைசியில் ஹோக் ஏணியின் பாதியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். "அண்ணே, நாளையிலேருந்து மேல் வேலைய சாப்பாட்டுக்கு முன்னாடியே முடிச்சிடலாம் லா. பின்னாடி ஏறுனா சட்டம் அழுவுது."

படம் கேட்ட பிள்ளை

வேலை முடிந்தது. ஹோஸ் பைப்பை முகட்டுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் அடித்துப் பார்த்தோம். உள்ளே ஒரு சொட்டு இல்லை. டீச்சரம்மா வாளிகளைக் கழுவிப் பின்கட்டில் கவிழ்த்து வைத்துவிட்டார். சாமானைக் கட்டி, ஹோக் லாரியை எடுக்கப் போன நேரத்தில் சிங்கப்பூரிலிருந்து மகனுடைய வாட்ஸ்அப் வந்தது. முகட்டிலிருந்து எல்லாப் பக்கமும் படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம்.

மறுபடி ஏறினேன். ஒரு கையில் போன், கண் போனில், கால் எங்கே போகிறது என்று கால்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கிழக்கே எடுத்தேன், மேற்கே எடுத்தேன், பின்னணியில் மூவார் ஆறு தெரிகிற மாதிரி என்னையும் ஒன்று எடுத்துக்கொண்டேன். அப்போது 'டக்' என்று ஒரு சத்தம். முட்டிதான் என்று நினைத்தேன். என் வயதில் எது ஓடு, எது முட்டி என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. இறங்கி, படங்களை அனுப்பினேன். மகன் குரலில் பதில் வந்தது: "படம் ஓகே அங்கிள். பெரிய மழை வரட்டும், நான் நேர்லயே வந்து பார்க்கிறேன்."

வெள்ளைக் காலுறை

சொன்ன மாதிரியே வந்தான். வானம் இருட்டிக்கொண்டு வந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம், பாலத்து நெரிசலையெல்லாம் தாண்டி வந்து இறங்கினான். எங்களையும் வரச் சொல்லியிருந்தான். மழை என்றால் அப்படி ஒரு மழை. எதிர் வீடு தெரியவில்லை. சிவா சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெள்ளைக் காலுறையோடு அறை அறையாக நடந்தான். எங்கேயாவது ஈரம் இருந்தால் காலுறை காட்டிக் கொடுத்துவிடும். கெட்டிக்காரப் பையன். நானும் ஹோக்கும் வாசலில் நின்று அவன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவன் சமையலறைக்குள் போன நேரத்தில் கூடத்து நடுவில் ஒரு சொட்டு விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். நான் நின்று படம் எடுத்த இடத்துக்கு நேர் கீழே. முட்டி இல்லை, ஓடுதான். டீச்சரம்மாவும் பார்த்துவிட்டார். முந்தானையால் தரையை ஒரு துடை, பிரம்பு நாற்காலியை ஒரு இழுப்பு. சரியாக அந்தச் சொட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

சிவா திரும்பி வந்து அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தான். மழை விடவில்லை. சொட்டு ஒவ்வொன்றாக டீச்சரம்மாவின் கொண்டையில் இறங்குகிறது; அவர் தலையில் குடம் வைத்தவர் மாதிரி அசையாமல், பேரப்பிள்ளை படிப்பைப் பற்றி, விலைவாசியைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஒரு கோடு நெற்றிக்கு இறங்கியது. "என்னம்மா, தலையெல்லாம் ஈரமா இருக்கு?" என்றான் சிவா. "இப்பதான் முழுகிட்டு வந்தனான், ராசா. நீ தேத்தண்ணியைக் குடி." ஹோக் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

மழை ஓய்ந்தது. சிவா காலுறையைத் திருப்பிப் பார்த்தான்; காய்ந்து கிடந்தது. என் கையைப் பிடித்து, "தேங்க்ஸ் அங்கிள். அம்மா இங்கேயே இருக்கட்டும்" என்றான். கார் தெரு முனை திரும்பும் வரைக்கும் டீச்சரம்மா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தபடியே கையாட்டினார். அப்புறம் கொண்டையை அவிழ்த்து, துணி பிழிகிற மாதிரி வாசலில் பிழிந்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் விரலால் மேலே காட்டினார். "கதை பிறகு சொல்லலாம் தம்பி, முதல்ல ஏறு. அடுத்த மழைக்கு என்ர தலை தாங்காது."

இத்தனை வருஷம் நான் ஊருக்கெல்லாம் கூரை போட்டுக் கொடுத்ததாகப் பெருமை அடித்துக்கொண்டிருக்கிறேன், ஆனால் என் பெயர் நனையாமல் இருந்தது எண்பது வயதுக் கொண்டை ஒன்றின் தயவில்தான்.