சந்தனத்தின் இடுப்பு வரிகள்

சந்தனத்துக்குத் திருப்பூரை அடுத்த அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். அவள் அப்பாவின் அக்கா ராக்கம்மாள். அந்த ராக்கம்மாள் மகன் இசக்கிமுத்துவுக்கே அவளைப் பேசி முடித்திருந்தார்கள். அவனும் திருப்பூரில்தான் கட்டிங் மாஸ்டர். இரண்டாயிரத்து நாலாம் வருசம், தை மாதம் முகூர்த்தம்.

பதினாறு வயதில் சந்தனம் ஒரே வருசத்தில் மளமளவென்று வளர்ந்து சதை போட்டாள். அப்போது இடுப்பின் இரண்டு பக்கமும் கோடு கோடாக வரி விழுந்தது. முதலில் தோலைவிடக் கருத்துக் கிடந்தது, பிறகு வெளுத்தது. கருத்த உடம்பில் வெளுத்த கோடு எடுப்பாகத் தெரிந்தது. அவள் அதைப் பெரிதாக நினைத்ததே இல்லை. கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கும்போது, லைன் வீட்டுப் பொதுக் குளியலறையில் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி பார்த்துவிட்டு, இது பிள்ளை பெற்றவளுக்கல்லவா வரும் என்று நாலு பேர் கேட்கச் சிரித்தாள்.

அன்றிலிருந்து சந்தனத்துக்குச் சோறு இறங்கவில்லை. அவர்கள் வகையறாவில் முகூர்த்தச் சேலையை நாத்தனார்தான் கட்டிவிட வேண்டும். இசக்கிமுத்துவின் அக்கா விஜயராணி இடுப்பைப் பார்ப்பாள். பார்த்தால் என்ன நினைப்பாள்?

செக்கிங் மேசையில் எண்ணெய்க் கறை பட்ட பனியன் வந்தால், துப்பாக்கி மாதிரி ஒன்றால் அதன்மேல் மருந்து பீய்ச்சுவார்கள். கண் மூடித் திறப்பதற்குள் கறை இருந்த இடம் தெரியாது. தினம் அதைப் பார்க்கிறவளுக்குப் புத்தி அங்கேதான் போயிற்று. வேஸ்ட் துணியில் மருந்தை நனைத்துக்கொண்டு கக்கூசுக்குப் போய், இடது இடுப்பில் அழுத்தித் தேய்த்தாள். எரிச்சலைப் பல்லைக் கடித்துப் பொறுத்தாள். மறுநாள் கொப்புளம், நாலாம் நாள் புண்.

அவள் சாய்ந்து சாய்ந்து நிற்பதைப் பக்கத்து மேசை மயிலாள் கவனித்தாள். சேவூர்க்காரி, இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவள். விசாரித்து, பல்லடத்தில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாள். சடுதியில் வளர்ந்தால் தோல் இழுபட்டு வரி விழும், ஆண்பிள்ளைகளுக்கும் விழும் என்றார் டாக்டரம்மா. புது வரியானால் மருந்தில் கொஞ்சம் மட்டுப்படும், பழையது முழுக்கப் போகாது. கருத்த தோலில் காரமானதைத் தேய்த்தால் புண் ஆறின இடம் இன்னும் கருத்துப்போகும், வெளுக்க வைக்கும் கிரீம் என்று எதையும் வாங்கிப் பூசாதே என்று சொல்லி, புண்ணுக்கு மட்டும் களிம்பு எழுதிக் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் மயிலாள் சொன்னாள்: "முகூர்த்தத்தன்னைக்குப் பாத்து உன்ற நாத்தனா என்னமோ நெனைக்கறதுக்கு, நீயே முன்னால போய்க் காட்டிப்போடு கண்ணு. நீ என்ன திருடுனயா?"

ஞாயிற்றுக்கிழமை சந்தனம் விஜயராணி வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திவிட்டுத் தாவணியை விலக்கிக் காட்டினாள். பக்கத்து வீட்டுக்காரி சொன்னதையும் மறைக்கவில்லை. விஜயராணியின் கண் புண்மேல்தான் நின்றது.

"ஏட்டி, பனியனுக்கு அடிக்கிற மருந்தயா ஒடம்புல போட்ட? ஒன்னய செக்கிங்ல வச்சிருக்கவனச் சொல்லணும்."

"மதினி, அந்த வரி..."

"வரிக்கு என்ன? என் தம்பி முதுகுல குறுக்க அஞ்சாறு கெடக்கு. ஒம்பதாங் கிளாஸ்ல நெடுநெடுன்னு வளந்தப்ப விழுந்தது. அவன் எந்தப் பிள்ளயப் பெத்தான்?"

கல்யாணத்தன்று புண் முழுக்க ஆறவில்லை. ஆறின பிறகு விழுந்த கருப்புத் தடம் மங்க ஒரு வருசத்துக்கு மேல் ஆயிற்று. முகூர்த்தச் சேலை கட்டும் நேரத்தில் விஜயராணி மற்றப் பெண்களை வெளியே அனுப்பிவிட்டு, பஞ்சு போன்ற பனியன் துணியை மடித்துப் புண்மேல் வைத்து, உள்பாவாடை நாடாவைத் தளரக் கட்டிச் சேலையைச் சுற்றினாள். தளரக் கட்டினது நழுவிவிடக் கூடாதே என்று மணவறையில் பின்னால் நின்று இடுப்புச் சேலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கை ஒழியாததால், நாத்தனார் போட வேண்டிய தாலியின் மூன்றாம் முடிச்சை ராக்கம்மாளின் தங்கை மகள் போட்டாள்.