சர்க்கரை கம்மி

அந்த வார்டில் அவளுக்குப் பஞ்சு சிஸ்டர் என்று பெயர். வைத்தது யாரோ ஒரு நோயாளி. அவர் போய்ப் பல வருஷமாகிறது, பெயர் மட்டும் போகவில்லை. மற்ற வார்டுகள் கையை விரித்துவிட்ட பிறகு ஆட்கள் வந்து சேருகிற இடம் அது. விழுங்க முடியாமல் கிடப்பவர்களின் வாயை நனைத்த பஞ்சால் அடிக்கடி ஈரப்படுத்துவது அவளுடைய வேலைகளில் ஒன்று. "இதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டவர்கள் உண்டு. "வாயைத் தொறந்தபடி ஒருநாள் பூரா தண்ணி குடிக்காமப் படுத்துப் பாருங்க, அப்புறம் பேசலாம்" என்பாள். வாய் கொஞ்சம் நீளம்தான். இருபத்திரண்டு வருஷமாகியும் தலைமை நர்ஸ் ஆகாததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஏழாம் கட்டிலுக்கு ஒரு டீ மாஸ்டர் வந்தார். தொண்டையில் புற்று, பேச்சு நின்று ஒரு மாதமாகிவிட்டது. மூக்கில் குழாய் போட வேண்டாமென்று தெளிவாக இருந்தபோதே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். பேச்சு போனதற்கு மனுஷர் அலட்டிக்கொள்ளவே இல்லை. கூச்சல் ஓயாத கடையில் முப்பது வருஷம் கையாலேயே பேசியவர் ஆயிற்றே! கட்டைவிரலைத் தூக்கினால் ஸ்ட்ராங். உள்ளங்கையைக் கவிழ்த்தால் லைட். இரண்டு விரலை உரசினால் சர்க்கரை கம்மி. பஞ்சு சிஸ்டர் ஒரே நாளில் பாஷையைப் பிடித்துக்கொண்டாள். வலி கூடினால் அவர் கட்டைவிரலைத் தூக்குவார். "மாஸ்டருக்கு ஒரு ஸ்ட்ராங்!" என்று குரல் கொடுத்தபடி வலி மருந்தோடு வந்து நிற்பாள். அவர் கண்ணாலேயே சிரிப்பார்.

மகள்தான் பாடாய்ப் படுத்தினாள். தையல் கடை வைத்திருப்பவள், ஒரே பெண். தினமும் காலையில் பிளாஸ்கில் பாலோடு வந்துவிடுவாள்.

"ரெண்டே ஸ்பூன் சிஸ்டர்."

"உள்ள போகாதும்மா. நுரையீரலுக்குத்தான் போகும். அவருக்குப் பசியே இருக்காது, உடம்பு கேக்கறத நிறுத்திடுச்சு."

"பட்டினி போட்டே அனுப்பிடுவீங்க போலிருக்கு. கடைசியா என்ன சாப்பிட்டார்னு நாளைக்கு எங்க அத்தை கேப்பாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

அதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. தன் கையால் ஒரு வாய்கூட இல்லாமல் அப்பா போய்விடுவார்.

ஐந்தாம் நாள் காலை, இன்னும் ஒன்றிரண்டு நாள்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். பஞ்சு சிஸ்டர் பக்கத்துக் கட்டிலை முடித்துத் திரும்பினால், ஏழாம் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. விலக்கினாள். அப்பாவின் உதட்டருகே ஸ்பூன்! பாய்ந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். பால் தலையணையில் கொட்டியது. அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயைத் துடைத்து, மூச்சு சீராகும்வரை முதுகில் கை வைத்திருந்தாள்.

"நீங்க மனுஷிதானா? பெத்த பொண்ணு ஒரு வாய் ஊத்தக் கூடாதா?" மகள் கத்தியதில் வார்டே திரும்பிப் பார்த்தது.

வேறு நாளாக இருந்தால் மகள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாள். அன்று பஞ்சு சிஸ்டர் அவளை வெளி நடைக்குக் கூட்டிப்போய், துவைத்த விரிப்புகள் அடுக்கியிருந்த பெஞ்சில் உட்காரவைத்தாள்.

"எங்கம்மாவுக்கு நான் ஊத்தினேன்" என்றாள். "அப்ப எனக்குப் பத்தொன்பது வயசு. நர்ஸ் வேணாம்னுதான் சொன்னாங்க. அவங்க அந்தப் பக்கம் போனதும் அரை டம்ளர் பால். மூணு நாள் மூச்சுக்குத் தவிச்சாங்க. எப்படியும் போயிருப்பாங்க, ஆனா அப்படிப் போயிருக்க வேணாம். என் வீட்டுக்காரர்கிட்டகூட இதச் சொன்னதில்ல."

மகள் பக்கத்திலிருந்த விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள். பிறகு, "அப்ப நான் அவருக்கு ஒண்ணுமே குடுக்க முடியாதா?" என்றாள்.

"டீ போடுவீங்களா?"

"அவருக்கா? என் டீய ஒருநாளும் அவர் முழுசாக் குடிச்சதில்ல. சர்க்கரைய அள்ளிக் கொட்டுறேனாம். போடறதையே விட்டுட்டேன்."

"இன்னிக்குப் போடுங்க. குடிக்கத்தான் முடியாது. நாக்கு இருக்குல்ல?"

டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டாள். வார்டு அடுப்பறையில் மகள் டீ போட்டு, ஆறவைத்துக் கொண்டுவந்தாள். பஞ்சு சிஸ்டர் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, அவர் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினாள். பஞ்சை டீயில் நனைத்து, ஒரு சொட்டும் விழாதபடி கிளாஸ் விளிம்பில் பிழிந்து மகள் கையில் கொடுத்தாள். கன்னத்தின் உள்பக்கம், ஈறு, பிறகு நாக்கு. சிஸ்டர் காட்டிய வரிசையில் மகள் தடவினாள்.

மாஸ்டரின் நாக்கு மெல்லப் புரண்டது. கண் திறந்தது. போர்வையின் மேல் கிடந்த கை அசைந்து, இரண்டு விரல்கள் உரசிக்கொண்டன.

"பாத்தீங்களா இந்த மனுஷன! போற நேரத்துலயும் குத்தம்!" என்றாள் மகள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மூக்கைத் துடைத்துக்கொண்டே அடுப்பறைக்கு ஓடினாள். இந்த முறை அரை ஸ்பூன்தான் போட்டாள். அவர் பஞ்சை உதட்டால் கவ்வி வைத்துக்கொண்டார், எடுக்க விடவில்லை. விரல்கள் அசையவில்லை.

அன்று முழுவதும், மறுநாள் காலையிலும் மகளேதான் பஞ்சை நனைத்தாள். பிளாஸ்க் திறக்கவே இல்லை. பதினொரு மணி சுமாருக்கு மூச்சு இடைவெளி விட்டு விட்டு வந்து, அப்படியே நின்றது. ஒரு தவிப்பும் இல்லை. பஞ்சு சிஸ்டர் அவருக்கு முகம் துடைத்துத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது மகளின் போன் அடித்தது. அத்தைதான். அழுகைக்கு நடுவே அவர் கேட்டது திரைக்கு இந்தப் பக்கமும் கேட்டது.

"கடைசியா ஏதாவது சாப்பிட்டானா?"

"டீ குடிச்சார் அத்தை. நான் போட்டது. முதல் கிளாஸுக்குக் குத்தம் சொன்னார். ரெண்டாவதுக்கு ஒண்ணும் சொல்லல."

குடித்தார் என்பது தப்பு. டாக்டரே தப்பாகச் சொன்னாலும் திருத்துகிறவள் பஞ்சு சிஸ்டர். அன்று சீப்பைத் தண்ணீரில் நனைத்து, அவர் வகிட்டை இன்னொரு முறை நேராக்கினாள்.