லாரிக்கார வீராசாமி சொன்ன சொல்

மலாக்காவில் பெம்பான் வட்டார ரப்பர்த் தோட்டங்களுக்குக் கட்சியைக் கொண்டுவந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் லாரி டிரைவர் வீராசாமி. மற்றவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் அந்தோணிராஜ். வீராசாமியின் லாரியில் டிரெசர் ஏறிக்கொள்ள, தொழிலாளர் குடியிருப்புகளில் லயம் லயமாகப் போய் ஆள் சேர்த்தார்கள். ஐம்பத்தாறில் ஊர் மன்றத்துக்குத் தேர்தல் என்று அறிவிப்பு வந்ததும், நிற்பது யார் என்ற கேள்வியில் அந்தச் சிநேகிதம் முறிந்தது. வீராசாமிக்குப் பேச்சு வரும். டிரெசர் மீதுதான் ஜனங்களுக்குப் பிரியம். கிளை இரண்டாகப் பிளந்தது.

அந்தச் சமயத்தில்தான் மலாக்கா டவுன் துணிக்கடைக்காரர் கணேசமூர்த்தி கட்சியில் சேர்ந்தார். தோட்டங்களில் அவரை யாருக்கும் தெரியாது. ஒருநாள் வீராசாமி வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது மெல்லச் சொன்னார்:

"அண்ணே, நான் சொன்னதா இருக்க வேணாம். டிரெசரோட மருந்து காட்டுல இருக்கிற கம்யூனிஸ்ட்காரனுங்களுக்குப் போவுதுன்னு டவுன்ல பேசிக்கிறாங்க."

"அந்தோணியா? சேச்சே, இருக்காதுலா."

"இல்லாட்டி நல்லதுதான். உங்க காதுல போட்டு வச்சேன்."

வீராசாமி அதை நம்பவில்லை. ஆனால் அடுத்த கூட்டத்தில் டிரெசருக்கு அதிகம் பேர் கை தூக்கியபோது ஆத்திரம் கண்ணை மறைத்தது. "காட்டுக்காரனுக்கு மருந்து குடுக்கிறவனுக்கா ஓட்டு?" என்று கத்தினார். அந்தோணிராஜ் வீராசாமியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் நோயாளிகள் வரிசையில் நிற்கும்போதே போலீஸ் ஜீப் வந்தது. அவசரகாலச் சட்டம், வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. டிரெசரைத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். வீட்டைக் காலி செய்யச் சொன்னது தோட்ட நிர்வாகம். அவர் மனைவி பிரிஜிட் சட்டிபானைகளோடு மழையில் நின்றாள். வீராசாமி லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவள் ஏறவில்லை. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே போனாள்.

கணேசமூர்த்தி இப்போது டிரெசரின் ஆட்களிடம் போனார். "கூடப் பொறந்தவனாட்டம் இருந்தவனையே காட்டிக் குடுத்துட்டான். நாளைக்கு உங்கள விடுவானா?" அவர்கள் ஒருவர் விடாமல் அவர் பக்கம் சாய்ந்தார்கள். பயந்துபோன வீராசாமியின் ஆட்களும் சாய்ந்தார்கள். கணேசமூர்த்தி வேட்பாளரானார், வென்றார்.

வீராசாமி அவர் கடைக்குப் போய்க் கெஞ்சினார். "போலீஸ்ல ஒரு வார்த்த சொல்லுங்க. அது பொய்னு உங்களுக்குத் தெரியும்."

கணேசமூர்த்தி துணியைக் கிழித்தபடியே கேட்டார்: "எனக்கென்னாண்ணே தெரியும்? மீட்டிங்ல சொன்னது நீங்கதானே?"

அதன்பின் வீராசாமியின் லாரியில் ரப்பர் ஷீட் ஏற்ற ஒருவரும் வரவில்லை. லாரி முதலாளியான சீனத் தௌக்கே வேறு டிரைவரை வைத்துக்கொண்டான். முகாமில் நெஞ்சு நோய் கண்ட அந்தோணிராஜ், வெளியே வராமலே செத்தார்.

அடுத்த தேர்தலில் கணேசமூர்த்தியின் பிரச்சார வேனை ஓட்டியது வீராசாமிதான். வேறு யாரும் வேலை தரவில்லை. ஒலிபெருக்கியில் பேசுவதும் அவரே. சுங்கை ரம்பாய் கடைத்தெருவில் பிரிஜிட் பலகாரம் விற்றுக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் வீராசாமி மைக்கைக் கீழே இறக்கினார்.

பக்கத்தில் இருந்த கணேசமூர்த்தி அவர் தொடையில் தட்டினார். "ஏன் நிறுத்திட்டீங்க? கூட்டமா இருக்கிற எடம், சத்தமா சொல்லுங்க."

"கணேசமூர்த்திக்கே ஓட்டு!" என்று வீராசாமி சத்தமாகச் சொன்னார்.